எல்லோரும் சிரிக்கும்போது

1929 மார்ச் 9, சனி

பதினோரு கவுன்களுக்கு ஓரம் மடித்துத் தைத்து முடிக்க மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. சினிமா ஸ்டூடியோ வாசலில் ஓட்டிஸ் காத்திருந்தான். பத்திரிகை ஆபீஸில் அச்சுக் கோக்கிற கை. எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் மை நிற்கும். அந்தக் கையாலேயே, "சாப்பிட்டியா, இல்ல நூலைக் கடிச்சே வயித்த ரொப்பிட்டியா?" என்று கேட்டான்.

டிராம் பிடித்து வெஸ்டர்ன் அவென்யூ போனோம். காதல் படம். நாயகன் நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு உருகுகிறான். திரையில் எழுத்து அட்டை வருகிறது: 'உயிருள்ளவரை உன்னை மறவேன்.' அவன் உதடு சொன்னது வேறு: 'சீக்கிரம் முடிங்கப்பா, ஷூ கடிக்குது.' உதடு படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற இலவச இணைப்பு. நாங்கள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். பின்சீட்டு அம்மாள் என் தோளைத் தட்டி முறைத்தாள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்துப் போட்ட நகைச்சுவைத் துண்டுப் படம். தடியன் ஒருவன் ஏணியோடு தண்ணீர்த் தொட்டியில் விழுகிறான். எண்ணூறு பேர் சிரிக்கிறார்கள். நாற்காலி அதிர்கிறது, தரை அதிர்கிறது, நானும் அதே நொடியில் சிரிக்கிறேன். எனக்கும் ஓட்டிஸுக்கும் காது கேட்காது என்று அந்த நொடியில் யாராலும் சொல்ல முடியாது.

வெளியே வரும்போது ஒருவன் ஏணி போட்டு வாசல் பலகையை மாற்றிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமையிலிருந்து பேசும் படங்கள்.

"பேசட்டும். நமக்கென்ன?" என்றான் ஓட்டிஸ். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்ச் 23, சனி

எழுத்து அட்டை வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.

நாலு பேர் ஒரு பூச்சாடியைச் சுற்றி நின்று வாயை அசைக்கிறார்கள். நகர்வதில்லை. காமிராவும் நகர்வதில்லை. முகங்கள் பொத்தான் அளவு. உதட்டைப் படிக்கலாம் என்றால் பாதி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். ஒரு கட்டத்தில் கதாநாயகி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். என்னைச் சுற்றி எல்லோரும் கைக்குட்டையை எடுக்கிறார்கள். ஒரு முதுகைப் பார்த்து அழுகிறார்கள்.

"பூச்சாடிகிட்ட அப்படி என்ன ரகசியம் சொல்றாங்க?" என்று ஓட்டிஸ் கையசைத்தான். பாதியில் எழுந்து போய்விட்டான்.

நான் போகவில்லை. முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலையர். அவர் கழுத்து குலுங்கும்போதெல்லாம் நானும் சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தி.

மார்ச் 24

எதற்குச் சிரித்தேன்?

ஏப்ரல் 4

நடிகை வெரா கார்லனின் கவுன் படப்பிடிப்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மொடமொடப்பான பட்டு, உள்ளே இரண்டடுக்குப் பாவாடை, மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தது. மிசஸ் கெஸல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏதோ சொன்னார். எங்கள் தையல் பிரிவுக்கே தலைவி. ஆனால் வாய் நிறையக் குண்டூசி. எடுங்கள் என்று சைகை காட்டினேன். எடுத்தார்.

"ஏம்மா நெட்டி, உன் கவுன் கத்துதாம். அவ ஒரு அடி எடுத்து வெச்சா சருகு மேல யானை போற மாதிரி இருக்காம். சவுண்ட் ஆள் சொல்றான்."

கவுனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கசக்கினேன். வழவழப்பு, கொஞ்சம் குளிர்ச்சி. வேறொன்றும் இல்லை.

வெட்டு மேஜையில் இரண்டு பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "இனிமே இந்தச் செவிடிய வெச்சுகிட்டு என்ன பண்ணப் போறாங்களோ" என்றாள். முப்பதடி தூரம் இருக்கும். முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 11

சவுண்ட் ஆள் பெயர் வார்டெல். ஒல்லியாக, தூக்கம் போதாத முகம். ஒரு மைக்கையும், கடிகாரம் போல முள் வைத்த ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தார். ஒவ்வொரு துணியாக மைக் முன்னால் ஆட்டச் சொன்னார். மற்றப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் முள்ளைப் பார்த்தேன்.

மொடமொடப் பட்டுக்கு முள் எகிறிக் கடைசி வரை போய்விடுகிறது. வெல்வெட்டுக்கு அசைவதே இல்லை. காட்சியில் கையில் பிடிக்கிற கடிதக் காகிதத்தை ஈரமாக்கினால் பாதி அடங்குகிறது. மணிமாலைதான் மோசம்; மணிக்கு மணி நடுவில் ரப்பர்த் துணுக்கு கோத்துப் பார்த்தேன், முள் சும்மா இருந்தது.

பத்து வருஷமாக என் மடியில் கிடந்த துணிகள் இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தனவா? யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே.

மாலையில் வார்டெல் என் நோட்டில் எழுதினார்: 'மத்தவங்க அவங்க காதை நம்பறாங்க. மைக்கோட காது வேற. நீங்க முள்ளை நம்பறீங்க. வெரா கார்லன் துணியெல்லாம் இனி நீங்களே பாருங்க.'

வேலை போகாது. இப்போதைக்கு.

ஏப்ரல் 20, சனி

டிராம் நிறுத்தத்தில் சண்டை. நாங்கள் சண்டை போட்டால் தெருவே நின்று பார்க்கும். கை நாலு பக்கமும் பறக்கும்.

"கேக்கறவங்க கூட்டத்துல போய் உக்காந்து நீ என்னத்தத் தேடற?"

"சிரிக்கணும்."

"நம்ம கிளப்ல சிரிக்கறதில்லையா?"

"கிளப்ல அறுபது பேரு. அறுபது பேரையும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவங்களோட சிரிச்சா ஒனக்குப் பத்தாதா?"

பத்தவில்லை என்பதுதான் உண்மை. பெயர் தெரியாத எண்ணூறு பேரோடு, இருட்டில், ஒருத்தியாக. அதை எந்தக் கையால் சொல்வது?

"ஜூன்ல கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டு நாலு மாசம் ஆச்சு. படம் திரும்ப ஊமையாகட்டும்னு காத்திருக்கியா?" என்றான். பிறகு இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். எங்களில் ஒருவர் அப்படிச் செய்தால், அதற்கு மேல் பேச்சில்லை.

மே 2

இன்று முதல்முறையாகப் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கே அனுப்பினார்கள். மூன்றாம் மேடை. வெராவின் துணியில் ஏதாவது பிரிந்தால் உடனே தைக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

கதவே ஒரு சுவர் கனம். உள்ளே சுவரெல்லாம் மெத்தை. காமிராக்களைக் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் ஆளோடு சேர்த்து அடைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் இருநூறு பேரும் அப்படியே நிற்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாவம். சத்தமில்லாமல் இருப்பது இவர்களுக்கு இவ்வளவு கஷ்டமா?

நான் வெராவிடமிருந்து பன்னிரண்டு அடியில் நின்றேன். நேர் எதிரே. வரவேற்பறைக் காட்சி. அவள் கணவனிடம் பொய் சொல்கிறாள். சொல்லிவிட்டு, அவன் நம்பிவிட்டானே என்று வருத்தப்படுகிறாள்.

ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குப் புரிந்தது.

மே 3

இன்றும்.

மே 6

துணியில் ஒன்றும் பிரியவில்லை. கொக்கியைப் பார்க்க வேண்டும் என்று மிசஸ் கெஸலிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். இன்று வெரா தங்கைக்கு ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டுகிறாள். இந்த ஊரில் பேசும் படம் பார்க்கிற செவிடி நான் ஒருத்திதான். ஓட்டிஸிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அவன் கை பாக்கெட்டிலேயே இருக்கிறது.

மே 9

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கப்பல்துறைக் காட்சி. தங்கை வெளிநாடு போகிறாள், இனி வர மாட்டாள். வெரா வழியனுப்ப வந்திருக்கிறாள். மூன்று தடவை எடுத்துச் சரியாக வரவில்லை. நாலாவது தடவை, பேச ஆரம்பிக்குமுன் வெரா தன் கையுறையைக் கழற்றப் போய், கழற்றாமல் அப்படியே நின்றாள். அந்த முகம். பிறகு பேசினாள். நிஜக் கண்ணீர்.

சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் வார்டெல் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். டைரக்டர் அங்கும் இங்கும் பார்த்தார். "யாருய்யா அது முனகறது?" என்றது அவர் உதடு. எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரைப் பார்க்கிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

மிசஸ் கெஸல் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து நோட்டில் எழுதினார்: 'நீதான். மாடு முனகற மாதிரி. வேணும்னு பண்ணலேன்னு எனக்குத் தெரியும்.'

எனக்குத் தெரியலையே. என் தொண்டைக்குள்ள இருந்து வந்தது எனக்கே தெரியாமப் போச்சே. அப்ப இத்தனை வருஷமா? தியேட்டர்ல? அங்க பியானோ இருந்தது, பேண்டு இருந்தது, அது கொஞ்சம் மூடியிருக்கும். பின்சீட்டு அம்மா தோளைத் தட்டினது நாங்க கையாட்டினதுக்கில்ல போல. எண்ணூறு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் ஓட்டிஸுக்கும் மட்டும் தெரியல. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லவும் முடியல.

அவங்களோட சேர்ந்து ஒருத்தியா உக்காந்திருக்கேன்னு நெனச்சேனே.

மே 10

மூன்றாம் மேடைக்கு நான் வரக் கூடாது என்று டைரக்டர் உத்தரவு. தையல் அறையோடு சரி.

மே 13

நாள் முழுக்க இடது கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தைத்தேன். இரண்டு தடவை அதிர்ந்தது. இரண்டு தடவையும், கை இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

மே 17

அளவு பார்க்க வெரா வந்தாள். வந்ததும் மிசஸ் கெஸலை வெளியே போகச் சொன்னாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்; கண்ணாடியில் உதட்டைப் படித்தேன்.

"அன்னிக்கு முனகினியே, எந்த வசனத்துக்கு?"

நோட்டில் எழுதினேன்: 'வசனத்துக்கு இல்லை. அதுக்கு முன்னாடி. நீங்க கையுறையைக் கழட்டாம நின்னீங்களே, அங்கே.'

படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கையில் நான் குத்தியிருந்த ஊசி இருந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"பத்து வருஷம் இந்த மூஞ்சிய வெச்சுத்தான் சாப்பிட்டேன்" என்றாள். "இப்ப சீன் முடிஞ்சதும் டைரக்டர் என்னைப் பாக்கறதில்ல. கண்ணாடிக் கூண்டைப் பாக்கறார். சத்தம் சரியான்னு. அவங்க தலையாட்டினா நான் நல்லா நடிச்சேன்னு அர்த்தம். என் மூஞ்சியப் பாக்க இந்த இடத்துல ஒரு ஆளில்ல. நீ ஒருத்தி பாத்த, உன்னையும் தொரத்திட்டாங்க."

தினமும் காலையில் தன் அறைக்கு வரச் சொன்னாள். அன்றைய காட்சியை நடித்துக் காட்டுவாளாம். எங்கே எனக்குப் புரியாமல் போகிறதோ அங்கே கையைத் தூக்க வேண்டுமாம்.

மே 29

கோபத்தில் கதவைச் சாத்தும் இடத்தில் கையைத் தூக்கினேன். கோபமா பயமா தெரியவில்லை என்று எழுதினேன். "எனக்கும் தெரியல, அதான்" என்று சிரித்தாள். ஏழு தடவை செய்தாள். ஏழாவது தடவை நான் கையைத் தூக்கவில்லை.

ஜூன் 7

"என் குரல் எப்படி இருக்கும்னு நெனக்கிற?" என்று கேட்டாள்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "நிலக்கரிச் சுரங்க ஊர்ல பொறந்தவ நான். தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டின மாதிரி பேசறேனாம். ஒரு வாத்தியார் வந்து தினம் வாய்ல தக்கையைக் கடிக்க வெச்சுப் பேசச் சொல்றார்."

எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். எழுதிக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். என் சத்தம் எப்படி இருந்ததோ, அவள் முகம் சுளிக்கவில்லை.

ஜூன் 22, சனி

வார்டெல் ஒரு சின்னப் பிலிம் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று நான் கெடுத்த காட்சி. படம் இல்லை, சத்தம் மட்டும். சத்தத்தைப் பிலிமில் கோடாக எழுதிக்கொள்கிறார்களாம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவர் பென்சிலால் குறி வைத்திருந்தார்: இங்கே வெரா பேச ஆரம்பிக்கிறார். அதற்குச் சாண் தூரம் முன்னாலேயே இன்னொரு குறி: நீங்கள்.

வெராவின் பேச்சு ரம்பப் பல் மாதிரி குத்திக் குத்தி நிற்கிறது. என்னுடையது தாழ்ந்த குன்று. மெதுவாக எழும்பி, அவள் பேச்சுக்கு அடியில் நீளமாகப் போய், அவள் நிறுத்திய பிறகும் கொஞ்ச தூரம் போகிறது.

இதுதான் நான் போடுகிற சத்தம். முப்பத்தொரு வயதில் பார்க்கிறேன்.

ஓட்டிஸுக்குக் கடிதம் போட்டேன். இரண்டே வரி.

ஜூன் 26

வந்தான். டிராம் நிறுத்தத்தில் சூரியனுக்கு நேராகப் பிலிமைப் பிடித்துப் பார்த்தான். அச்சுப் பிழை பார்க்கிற கண். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதுல எது நீ?"

காட்டினேன்.

"நீளமா இருக்கே."

"ஆமா."

"நானும் இப்படிப் பண்ணுவேனா?"

"பண்ணுவ. யாரும் நம்மகிட்ட சொல்லல."

இரண்டு டிராம் போய்விட்டது. மூன்றாவதில் ஏறினோம். எங்கே போகிறோம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடற்கரையில் இறங்கினோம்.

அக்டோபர் 12, சனி

வெராவின் படம் வெளிவந்துவிட்டது. ஓட்டிஸ் தானாகவே வந்தான். "நீதான் எனக்கு எழுத்து அட்டை" என்றான். காட்சி தொடங்குமுன் ஒவ்வொன்றையும் அவன் உள்ளங்கையில் விரலால் சொன்னேன். வரவேற்பறை, பொய், கடிதம். எனக்கு எல்லாம் தெரியும். தியேட்டரிலேயே என்னைப் போல இந்தப் படத்தைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கப்பல்துறை வந்தது. காமிரா தூரத்தில் இருந்தது. வேறு ஒரு தடவை எடுத்ததை வைத்திருக்கிறார்கள்; சத்தம் சுத்தமாக இருந்த தடவையாக இருக்கும். கையுறை தெரியவில்லை. வெரா பாதி திரும்பி நிற்கிறாள். வாய் அசைகிறது. அவள் அழுகிறாள் என்பது அவள் தோளைத் தெரிந்தவளுக்குத்தான் தெரியும்.

முன்வரிசைக் கழுத்துகள் குலுங்க ஆரம்பித்தன.

அழுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவனின் பல் தெரிந்தது. அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கையை எடுத்ததும் உதட்டைப் படித்தேன்: "என்ன கொரல்டா இது, கோழி மாதிரி." நாற்காலி அதிர்ந்தது. தரை அதிர்ந்தது. தங்கை கப்பலேறிவிட்டாள், இனி வர மாட்டாள், எண்ணூறு பேரும் சிரிக்கிறார்கள்.

ஓட்டிஸ் என் கையை அழுத்தினான். என்ன ஆச்சு என்று கேட்டான். நான் சொல்லவில்லை. நான் சிரிக்கவில்லை. தொண்டையில் கை வைக்கவும் இல்லை. என்ன வந்ததோ வந்தது. யார் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கட்டும்.

நவம்பர் 5

வெரா கார்லனின் உடுப்புகளிலிருந்து பெயர்ப் பட்டையைப் பிரித்தெடுக்கச் சொன்னார் மிசஸ் கெஸல். பதினேழு கவுன். இனி அவை வேறு நடிகைகளுக்கு. சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக எடுத்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஐந்து கவுனைப் பிரித்துக் கொடுத்தார். வாயில் ஊசி இல்லை.

நவம்பர் 8

மதியம் வாசலில் வெராவின் கார். ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே பேசினாள். எனக்கு அது போதும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஊருக்குப் போறேன். அம்மா வீட்டுக்கு. அங்க எல்லாரும் என்னை மாதிரிதான் பேசுவாங்க."

அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. கையைத் தூக்கவில்லை. கார் போன பிறகுதான், குறைந்தபட்சம் விடைகொடுக்கவாவது தூக்கியிருக்கலாமே என்று தோன்றியது.

நவம்பர் 30

கல்யாணத்தைப் பற்றி ஓட்டிஸ் இந்த முறை கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். பதினோரு நிமிஷம் யோசித்தான். நான் காக்கவைத்த மாசத்துக்கு ஒரு நிமிஷமாம்.

1930 மார்ச் 15, சனி

கல்யாணமாகி வந்த வீட்டில் ஜன்னலுக்கு இன்னும் திரை போடவில்லை. தையற்காரி வீட்டு ஜன்னலைப் பார் என்று ஓட்டிஸ் தினமும் கேலி செய்கிறான்.

மதியம் தனியாகத் தியேட்டருக்குப் போனேன். மூன்றாவது வரிசை, ஓரம். படித்த வரை படித்தேன். மாலையில் எங்கள் காது கேளாதோர் கிளப். இது ஐந்தாவது வாரம். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். நான் நடுவில் நின்று இந்த வாரப் படத்தைக் கையாலும் முகத்தாலும் சொல்லிக் காட்டினேன். ஒன்றரை மணி நேரம். தோள் வலிக்கிறது. பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். படத்தின் கதாநாயகி படியிறங்கி வந்து கதவருகே நிற்கும் இடத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை. வெரா எப்படி நிற்பாளோ அப்படி நின்றேன். பார்த்தவர்களில் ஒரு கைகூட அசையவில்லை.

வீடு திரும்பும் வழியில், தெரு விளக்கு வந்ததும் ஓட்டிஸ் நின்றான். விளக்கில்லாத இடத்தில் எங்களால் பேச முடியாது.

"கடைசில அவ செத்துப்போறாளே, நெசமாவே படத்துல அப்படியா?"

"இல்ல. படத்துல கல்யாணம் ஆயிடுது."

"அப்பறம் ஏன் சாகடிச்ச?"

"கல்யாணத்தப்போ அவ மூஞ்சியவே அவங்க காட்டல."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ" என்றான். "நானும் பாக்கறேன், நீ எங்கெங்க பொய் சொல்றன்னு."